கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி

திருச்சியிலிருந்து சென்னைக்குப் பகல் நேரப் பேருந்து. என் பக்கத்தில் ஜன்னலோரம் பெரியம்மா. வழியில் சாப்பாட்டுக்கு நின்று கிளம்பி, திண்டிவனம் தாண்டிய பிறகு வண்டிக்குள் மெல்ல ஒரு நாற்றம் எழுந்தது. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு முன்னிருக்கைக்காரர் கைக்குட்டையை எடுத்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "யாருப்பா அது, கொழந்தைக்கு டயப்பர மாத்துங்கப்பா" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். வண்டியில் கைக்குழந்தையே இல்லை. பெரியம்மா வெளியே பார்த்தபடி, முந்தானையை வயிற்றின் மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தார். தாம்பரம் வரும்வரை திரும்பவேயில்லை.

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். வயிற்றின் இடப்பக்கம் ஒரு திறப்பு, அதன்மேல் ஒட்டிய ஒரு பை. பை மூன்றில் ஒரு பங்கு நிறையும்போதே காலி செய்துவிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை ஒரு நாளும் அவர் மீறியதில்லை. அன்றும் வண்டி நின்றதும் முதல் ஆளாக இறங்கிக் கழிப்பறைக்குத்தான் போனார். போன வேகத்தில் திரும்பியும் வந்தார். என்ன நடந்தது என்று இரவு வீட்டில்தான் சொன்னார். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. விளக்கு எரியவில்லை. தரையெல்லாம் ஈரம். கைப்பையை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை. புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும், பையின் வாயைத் திறக்க இரண்டு கை வேண்டும், கதவை அழுத்திப் பிடிக்க இன்னொன்று. "நாலு கை வேணும்டா அதுக்குள்ள" என்றார்.

பேருந்தில் இருந்தவர்களுக்கு அந்த நாற்றம் ஏதோ ஓர் உடலிலிருந்து வந்தது. என் கணக்குப்படி அது அந்த உணவகத்தின் கழிப்பறைக் கதவில் தொடங்கியது. இதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போகிறேன். வயிற்றில் பையோடு வாழ்கிறவர் ஒருவர் பொது இடத்தில் நாறுகிறார் என்றால், பெரும்பாலும் அதற்குச் சற்று முன்பு எங்கோ ஒரு இடம் அவருக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது. அந்த இடத்தை வைத்திருந்தவர்கள் நாம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். குடலின் ஒரு பகுதியை எடுத்துவிட நேரும்போதும், கொஞ்ச காலம் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும்போதும், மருத்துவர்கள் குடலின் ஒரு முனையை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். கிரேக்கத்தில் 'வாய்' என்று பொருள். பார்ப்பதற்கும் உதட்டின் உட்புறம்போலச் சிவந்து ஈரமாகத்தான் இருக்கும்; தொட்டால் வலிக்காது. பெருங்குடலில் வைத்தால் கொலாஸ்டமி, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வைத்தால் இலியாஸ்டமி, சிறுநீருக்கு வைத்தால் யூரோஸ்டமி. மூன்றுக்கும் பொதுப்பெயர் ஆஸ்டமி. மருத்துவமனை வார்டில் இந்தப் பெயர்களெல்லாம் கிடையாது; "பை வச்சிருக்காங்க" என்பதோடு முடிந்துவிடும். புற்றுநோய் ஒரு காரணம் மட்டுமே. குடல் அழற்சி நோய்கள், விபத்து, குடல் ஓட்டை விழுதல், ஆசனவாய் சரியாக உருவாகாமல் பிறக்கும் குழந்தைகள் என்று காரணங்கள் பல. சிலருக்குச் சில மாதங்களில் திரும்ப இணைத்துவிடுவார்கள். சிலருக்கு ஆயுள் முழுக்க.

ஸ்டோமாவுக்கு மூடித் திறக்கும் தசை இல்லை என்பதுதான் இதில் முக்கியம். "கொஞ்சம் அடக்கிக்குங்க, அடுத்த ஸ்டாப்புல பார்த்துக்கலாம்" என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அவர்களுக்குச் செல்லாது. கூழ்போல இளகலாக, நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் 800 மில்லி வரை இலியாஸ்டமியிலிருந்து வெளியேறும், சாப்பிட்ட பிறகு அதிகமாக வரும், தூக்கத்திலும் வரும். ஒரு நாளில் நாலைந்து தடவை, சில நாள் அதற்கு மேலும் பையைக் காலி செய்ய வேண்டும். பெரியம்மாவைப்போல இடப்பக்கக் கொலாஸ்டமி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கெட்டியாக, குறைந்த தடவைதான் போகும். அவர்களில் சிலர் காலையில் ஸ்டோமா வழியாக வெதுவெதுப்பான நீரைச் செலுத்திக் குடலைக் கழுவிவிட்டு, அன்று முழுக்கக் கவலையில்லாமல் இருக்கப் பழகிக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது.

இனி நாற்றம். இன்றைய பைகள் பல அடுக்குப் படலத்தால் ஆனவை. வாயு எளிதில் வெளியேறாத அடுக்கு ஒன்று அதில் உண்டு. சரியாக ஒட்டிய, நிரம்பாத பையைக் கட்டிக்கொண்டு ஒருவர் உங்களோடு லிஃப்டில் நின்றால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் அலுவலகத்திலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருக்கலாம், இதுவரை தெரிந்திருக்காது. பை நாறுவது இரண்டே வேளைகளில். ஒன்று காலி செய்யும்போது. அது எவர் வீட்டுக் கழிப்பறையிலும் எவருக்கும் வருகிற வாடைதான். மற்றது ஒட்டு விட்டுக் கசியும்போது. பை நிரம்பினால் கனம் கீழே இழுக்கும், தோலோடு ஒட்டியிருக்கும் வில்லை ஓரத்தில் மெல்லப் பிரியும். வாயு சேர்ந்து பை பலூன்போல உப்பினாலும் இதேதான். வாயுவை வடிகட்டி வெளியே விடக் கரித்துகள் வைத்த சிறு துளை சில பைகளில் உண்டு. அது நனைந்துவிட்டால் வேலை செய்யாது. ஆக, ஒட்டு விட்டது ஏன்? பை நிரம்பியதால். நிரம்பியது ஏன்? காலி செய்ய இடம் கிடைக்காததால்.

இந்தப் பை வந்த கதையே அடுத்தவர் பொறுப்பை ஒருவர் எடுத்துக்கொண்ட கதைதான். எலிஸ் சோரன்சன் டென்மார்க்கைச் சேர்ந்த செவிலி. அவர் தங்கை தோராவுக்குக் கொலாஸ்டமி ஆன பிறகு, நாற்றத்துக்கும் கசிவுக்கும் பயந்து தங்கை வெளியே போவதையே நிறுத்திவிட்டார். அக்கா யோசித்து, தோலில் ஒட்டிக்கொள்ளும், பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய பை ஒன்றை 1954-ல் கற்பனை செய்தார். பிளாஸ்டிக் தொழில் நடத்திவந்த ஒருவரை, அவருடைய மனைவியும் செவிலி என்பதால், ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். 1957-ல் கோலோபிளாஸ்ட் என்ற நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் இதே பத்தாண்டில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், ஸ்டோமாவைச் சுற்றிய தோல் வெந்துபோகாமல் காக்க ஒரு பிசினைப் பயன்படுத்தினார். கராயா என்ற அந்தப் பிசின் இந்தியக் காடுகளில் வளரும் ஒரு மரத்தில் வடிவது. அவரிடம் சிகிச்சை பெற்ற நார்மா கில் என்ற பெண்மணி பின்னர் அதே மருத்துவமனையில் மற்ற நோயாளிகளுக்குக் கற்றுத்தரும் வேலையில் சேர்ந்தார். ஸ்டோமா பராமரிப்பு என்ற தனித் தொழிலே அவரிலிருந்து தொடங்கியது. நாற்றத்தைப் பைக்குள் அடக்கும் வேலையை விஞ்ஞானம் எழுபது வருடத்துக்கு முன்பே கையில் எடுத்துவிட்டது. பையைக் காலி செய்ய இடம் தேடும் வேலைதான் இன்னும் நோயாளியின் தலையில் இருக்கிறது.

அவர்கள் தங்கள் பங்கைச் செய்யாமல் இல்லை. வெளியே கிளம்பும் பெரியம்மாவைப் பார்த்தால் போருக்குப் போகிறவர்போல இருக்கும். ஒரு மஞ்சப்பை. உள்ளே, ஸ்டோமாவின் அளவுக்கு வீட்டிலேயே வெட்டி வைத்த இரண்டு பைகள், துடைக்க மெல்லிய பழைய வேட்டித் துணி, அரை லிட்டர் தண்ணீர், பழைய செய்தித்தாள், கட்டிப்போட இரண்டு உறை, மாற்று உள்பாவாடை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். பையை மாற்றுவதென்றால் விடியற்காலையில், காபிகூடக் குடிக்காமல். அப்போதுதான் குடல் அடங்கியிருக்கும். வெயில் காலத்தில் வியர்வையில் ஒட்டு சீக்கிரம் விடும் என்பதால் வழக்கத்தைவிட ஒரு நாள் முன்பே மாற்றிவிடுவார். வெயிலில் நிற்கும் காருக்குள் மஞ்சப்பையை வைக்க விடமாட்டார். சூட்டில் ஒட்டுப் பசை கெட்டுவிடும். விமானப் பயணமென்றால் பைகளைக் கையோடு எடுத்துச் செல்லும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டி ஊர் மாறிப் போனால் என்ன செய்வது? கத்தரிக்கோலைச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால்தான் முன்கூட்டியே வெட்டி வைப்பது.

சாப்பாட்டிலும் கணக்கு. பூண்டு, வெங்காயம், முட்டை, கருவாடு, முட்டைக்கோஸ் இவையெல்லாம் வாடையைக் கூட்டும். மொச்சையும் பயறும் வாயுவைக் கூட்டும். மோரும் தயிரும் வாடையைக் குறைக்கும் என்பது பலருடைய அனுபவம். சோறு, வாழைப்பழம், ஜவ்வரிசி ஆகியவை இளகலைக் கொஞ்சம் கெட்டியாக்கும். இலியாஸ்டமி உள்ளவர்கள் தேங்காய்ப் பத்தை, சோளம், முருங்கைச் சக்கை, பனங்கிழங்கு போன்ற நார்ப்பொருட்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஸ்டோமாவின் வாயிலில் போய் அடைத்துக்கொள்ளும். இவ்வளவையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டு இலையில் எதைத் தொடுவது, எதை ஒதுக்குவது என்று நொடியில் முடிவெடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் "ஏன், சமையல் பிடிக்கலியா?" என்று கேட்பார்.

பயத்தில் செய்யும் தவறுகளும் உண்டு, அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். பயணத்துக்கு முதல் நாளிலிருந்தே பட்டினி கிடப்பது அதில் முதலாவது. வெறும் குடலில் வாயுதான் அதிகம் சேரும், பை உப்பும். தண்ணீரைக் குறைப்பது அதைவிட மோசம். இலியாஸ்டமி உள்ளவர் உடம்பிலிருந்து தண்ணீரோடு உப்பும் போய்க்கொண்டே இருக்கிறது. நம் ஊர் வெயிலில் அது சிறுநீரகத்தைப் போய்த் தாக்கும். வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளுவதும் சரிவராது; உப்புப் போட்ட மோர், கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல் இவைதான் தாங்கும். பை உப்பாமல் இருக்க ஊசியால் துளை போடுகிறவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கிய நாற்றத் தடுப்பைத் தாங்களே ஓட்டையாக்கிவிடுகிறார்கள். பைக்குள் ஆஸ்பிரின் மாத்திரை போடுவது ஒரு பழைய கைமுறை. அது ஸ்டோமாவைப் புண்ணாக்கும். இதற்கென்றே சொட்டு மருந்துகள் இருக்கின்றன.

இப்போது நம் பங்குக்கு வருவோம். முதல் பங்கு அறுவைக் கூடத்துக்கு முன்பே தொடங்குகிறது. ஸ்டோமாவை வயிற்றில் எந்த இடத்தில் வைப்பது என்று அறுவைக்கு முன்பே நோயாளியை உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்துப் பார்த்துப் பேனாவால் குறிக்க வேண்டும். பாவாடை நாடா எங்கே கட்டுகிறார், வேட்டி முடிச்சு எங்கே விழுகிறது, உட்காரும்போது வயிற்று மடிப்பு எங்கே வருகிறது என்று கேட்க வேண்டும். மடிப்புக்குள் விழுந்த ஸ்டோமாவில் எந்தப் பையும் ஒழுங்காக ஒட்டாது. பதினைந்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால் பதினைந்து வருடக் கசிவு. அவசர அறுவைகளில் இதற்கு நேரம் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். திட்டமிட்டுச் செய்யும் அறுவைகளிலும் இது விட்டுப்போவதற்குச் சாக்கு கிடையாது. பையைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ளாமல் எந்த நோயாளியும் வீட்டுக்கு அனுப்பப்படக் கூடாது. அதைக் கற்றுத்தரப் பயிற்சி பெற்ற செவிலி ஒருவராவது ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். பையும் அங்கே தடையில்லாமல் கிடைக்க வேண்டும். மூன்று நாலு நாளில் மாற்ற வேண்டியதைக் காசில்லாமல் பத்து நாள் ஓட்டுகிறவர் உண்டு. பாலிதீன் உறையைத் துணியால் கட்டிக்கொண்டு வாழ்கிறவரும் உண்டு. அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் நாம் மூக்கைப் பொத்துகிறோம். அந்த ஏற்பாட்டை அவருக்குச் செய்து வைத்தது நாம்தான் என்று அப்போது தோன்றுவதில்லை.

அடுத்தது கழிப்பறை. பெரிய செலவு எதுவும் இல்லை. தாழ்ப்பாள், வெளிச்சம், தண்ணீர் இந்த மூன்றும் எல்லோருக்கும் வேண்டியவை. கூடுதலாகக் கேட்பது, கதவின் உட்புறம் ஒரு கொக்கி, இடுப்பு உயரத்தில் சாமான் வைக்க ஒரு சின்னத் தட்டு, மூடியுள்ள குப்பைத்தொட்டி, முடிந்தால் ஒரு கண்ணாடி. வயிற்றில் இருப்பதைக் குனிந்து பார்த்தால் சரியாகத் தெரியாது, அதற்குத்தான் கண்ணாடி. பிரிட்டனில் கொலாஸ்டமி யூகே என்ற அமைப்பு கடைகளிடமும் அரங்குகளிடமும் கேட்டுவருவது கிட்டத்தட்ட இதே நான்கைத்தான். ஜப்பான் இன்னும் பல படி மேலே போய்விட்டது. அங்கே ரயில் நிலையங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் உள்ள பலவகைப் பயன்பாட்டுக் கழிப்பறைகளில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தொட்டி இருக்கும். நின்றபடியே பையை அதில் காலி செய்து, வெந்நீர்க் குழாயால் கழுவிக்கொள்ளலாம். வயிற்றில் கூட்டல் குறி போட்ட மனித உருவம் அதற்கு அடையாளம். கதவில் அந்தப் படத்தைப் பார்த்ததும் ஜப்பானியர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். யாரிடமும் வாய் திறந்து விளக்க வேண்டியதில்லை. அந்த வெந்நீர்த் தொட்டியை நாளைக்கே சென்னையின் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் வைக்கச் சொல்லவில்லை. படத்தையும் கொக்கியையும் வைக்கலாம்.

நம் அரசு இவர்களை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இந்திய ரயில்வேயின் கட்டணச் சலுகைப் பட்டியலில் 'ஆஸ்டமி நோயாளிகள்' என்ற பிரிவு இருக்கிறது. மாத, காலாண்டு சீசன் டிக்கெட்டில் அவர்களுக்குப் பாதிக் கட்டணம். நல்ல விஷயம். ஆனால் சென்னையில் சீசன் டிக்கெட் வாங்கி ஏறுவது மின்சார ரயிலில். அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை பாதிக் கட்டணத்தில் போகலாம், பையை எங்கே காலி செய்வது என்பதற்கு ஒவ்வொரு நிலையத்தையும்தான் நம்ப வேண்டும். சலுகையை எழுதிய கை நிலையத்துக் கழிப்பறையையும் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்.

சட்டத்தின் கதையும் இப்படித்தான். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஸ்டோமா அதில் இல்லை. ஜப்பானில் நிரந்தர ஸ்டோமா உள்ளவர் உடல் குறைபாட்டுச் சான்று பெறலாம். இங்கே சேர்க்க வேண்டுமா, எத்தனை சதவீதம் என்ற விவாதம் நடக்கட்டும். எனக்குச் சேர்க்க வேண்டும் என்றே படுகிறது. அது முடியும்வரை ஒன்று செய்யலாம். பேருந்து நிலையங்களிலும் அரசு அலுவலகங்களிலும் சக்கர நாற்காலிக் கழிப்பறை என்று ஒன்று கட்டி, பூட்டி வைத்திருக்கிறோம். அதில் இடம் இருக்கும், கைப்பிடி இருக்கும், பல இடங்களில் கழுவும் தொட்டியும் உள்ளேயே இருக்கும். பையோடு வாழ்கிறவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. சாவி கேட்டுப் போனால், "நல்லாத்தானே நடந்து வர்றீங்க, உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கிறார்கள். அவர் அங்கேயே சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டுமா? பிரிட்டனில் 1981 முதல் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கழிப்பறைகளுக்கு ஒரே சாவி. தேவைப்படுகிறவர் கையிலேயே ஒன்று இருக்கும். இங்கே சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

கடைக்காரர்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். "ஒருத்தருக்குத் திறந்தா ஊரே வரும், தண்ணி லாரிக்கு நான்தான் காசு குடுக்கணும்" என்பார்கள். பொய் இல்லை. கோடையில் சென்னையில் ஒரு சின்ன ஜவுளிக்கடை தன் ஊழியர்களுக்கே தண்ணீர் பார்த்துத்தான் செலவிடுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் இதற்கு 2005-ல் ஒரு வழி கண்டது. குடல் நோய் உள்ளவர், ஆஸ்டமி உள்ளவர் போன்றோர் அவசரத்தில் கேட்டால், பொதுமக்களுக்கு விடாத ஊழியர் கழிப்பறையையும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடை திறந்துவிட வேண்டும் என்பது அந்தச் சட்டம். கடையொன்றில் மறுக்கப்பட்டு அவமானப்பட்ட ஒரு பள்ளிச் சிறுமியின் முயற்சியால் வந்தது அது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வணிகர் சங்கங்கள் தங்கள் கூட்டத்தில் பேசி, மருத்துவமனை கொடுத்த அட்டையைக் காட்டுகிறவருக்குக் கதவைத் திறப்பது என்று முடிவெடுத்தால் போதும். ஒரு கடைத்தெருவில் நாளுக்கு எத்தனை பேர் அப்படி வந்துவிடப் போகிறார்கள்?

கழிப்பறையைப் பற்றிப் பேசும்போது அதைச் சுத்தம் செய்கிறவரை விட்டுவிட்டுப் பேசுவது நம் வழக்கம். இதில் பையோடு வாழ்கிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அதையும் மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். பையைக் கழற்றிக் கோப்பைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது போகாது. குழாயில் சிக்கிக்கொள்ளும். ரயிலின் உயிரிக் கழிப்பறையும் அடைத்துக்கொள்ளும். பிறகு அதைக் கையை விட்டு எடுக்கப் போவது ஒரு தூய்மைப் பணியாளர். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. நம் அவசரத்தால் அந்தத் தடை பொய்யாகிவிடக் கூடாது. உள்ளே இருப்பதைக் கோப்பையில் காலி செய்து, பையை அலசி, செய்தித்தாளில் சுற்றி, உறையில் கட்டித் தொட்டியில் போடுவதுதான் முறை. ஆனால் தொட்டி இருந்தால்தானே போடுவார்? 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பர், நாப்கின் போன்றவற்றோடு அவற்றை ஒத்த பிற கழிவுகளையும் சுகாதாரக் கழிவு என்றே வகைப்படுத்தின. பெண்கள் கழிப்பறையில் நாப்கினுக்கு வைக்கும் மூடிய தொட்டியே இதற்கும் போதும். ஆண்கள் கழிப்பறையில் அப்படி ஒரு தொட்டியை நீங்கள் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?

காலி செய்யும்போது தெறிக்கும் என்பது இன்னொரு சங்கடம். இந்தியக் கோப்பையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையின் வாயைத் தாழ்த்திப் பிடித்து மெல்லத் திறக்க வேண்டும். அதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் ஒட்டாமல் போகும். முழங்கால் வலி உள்ள அறுபது வயதுக்காரருக்கு இது எளிதில்லை. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் வெளியே மூன்று பேர் கதவைத் தட்டுவார்கள். ஒருவர், "உள்ளேயே குடியிருக்கியா?" என்பார். தட்டும் அந்தக் கை நம்முடையதாகவும் இருந்திருக்கிறது, என்னுடையதாகவும்.

பேருந்துக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை அங்கே ஓட்டுநருக்குக் கிடைக்கும் சாப்பாடு தீர்மானிக்கக் கூடாது. கழிப்பறையைப் பார்த்துத் தீர்மானியுங்கள். யாராவது ஒருவர் வந்து காதோடு காதாக "கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்று கேட்டால், காரணத்தைச் சத்தமாகக் கேட்காதீர்கள். கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். மேடைக்குச் செலவிடும் பூவில் ஒரு சரத்தின் விலைதான் கொக்கிக்கு. பெரியம்மா கடைசியாகப் போன கல்யாணம் அவர் தங்கை பேத்தியுடையது. முகூர்த்தம் முடிந்ததும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று வீட்டில் வெகுநாள் பேசினார்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு பங்கு இருக்கிறது. வெளியே கிளம்பும் முன் "பேசாம வீட்லயே இருங்களேன், எதுக்கு உங்களுக்குக் கஷ்டம்?" என்று அக்கறையாகத்தான் சொல்கிறோம். அந்த அக்கறை அவர்களை வருடக்கணக்கில் வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறது. கோயிலுக்குப் போகலாமா, தீட்டாகிவிடாதா என்று அவர்களே தயங்குவார்கள். எல்லோருடைய குடலும் மலத்தைச் சுமந்துகொண்டுதான் சந்நிதியில் நிற்கிறது. இவருக்கு அது தோலுக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். இதை ஓர் அர்ச்சகர், ஓர் இமாம், ஒரு பாதிரியார் ஒரு தடவை எல்லோர் முன்னும் சொன்னால், நான் நூறு கட்டுரை எழுதுவதைவிட அதிகம் நடக்கும்.

பக்கத்து இருக்கையில் நாற்றம் வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் எளிது. ஜன்னலைத் திறந்துவிடுங்கள். யார் என்று தேடாதீர்கள். இறங்கும் இடத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரிந்தால், பொதுவாகச் சொல்வதுபோலச் சொல்லிவிடுங்கள்.

1993 முதல் உலக ஆஸ்டமி தினத்துக்கு அக்டோபர் மாதத்தின் முதல் சனிக்கிழமையை ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊராட்சிகளில் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. இரண்டுக்கும் இடையில் சில நாள்தான் வித்தியாசம், சில வருடங்களில் இரண்டும் ஒரே நாளில் வரும். இந்த அக்டோபரில் உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். வாசகம் ஒரு வரி போதும்: நம் ஊர்ப் பொதுக் கழிப்பறை ஒவ்வொன்றிலும், ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும், உள்ளே தாழ்ப்பாள், ஒரு கொக்கி, ஒரு தட்டு, மூடியுள்ள ஒரு தொட்டி.